என்ஜின் மாற்றிய லாரியில் மின்சாரம் எங்கே தொலைகிறது?

என்ஜின் மாற்றிய பழைய லாரி ஒன்றைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். புதிய பேட்டரி போட்டாயிற்று. மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. முகப்பு விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. ஆனால் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. தள்ளி ஸ்டார்ட் செய்து ஓட்டினாலும் பேட்டரியில் சார்ஜ் ஏறுவதில்லை. செல்ஃப் மோட்டார், சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டர் இரண்டும் ஒரே நேரத்தில் பழுதாகியிருக்குமா என்பது அவருடைய கேள்வி. இரண்டும் நல்ல நிலையில் இருக்கும்போதே இத்தனை கோளாறும் வர முடியும் என்பதுதான் என் பதில்.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் எதிர்முனைக்குத் திரும்பி வந்தாக வேண்டும் என்பது பள்ளியிலேயே படித்த செய்தி. வண்டியில் திரும்பும் வழிக்குத் தனிக் கம்பி கிடையாது. வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸும் என்ஜின் பிளாக்கும் அந்த வேலையைச் செய்கின்றன. செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்நேட்டரும் என்ஜினோடு முடுக்கப்பட்டவை. அந்த என்ஜினோ அதிர்வு தெரியாமலிருக்க ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது; ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே என்ஜினையும் சேஸிஸையும் மின்வழியில் இணைப்பது, கையளவு நீளமுள்ள, செம்புக் கம்பிகளைப் பின்னிச் செய்த ஒரு எர்த் பட்டை மட்டுமே. என்ஜினை இறக்கும்போது முதலில் கழற்றப்படுவதும், புதிய என்ஜினை ஏற்றிய பின் மறந்துபோவதும் அதுதான். மறக்காமல் மாட்டினாலும், பளபளவென்று புதிதாக வண்ணம் பூசிய பரப்பின் மேல் வைத்து முடுக்கிவிடுவார்கள்.

இந்த ஓர் இணைப்பில் 0.05 ஓம் தடை மட்டும் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் கணத்தில் செல்ஃப் மோட்டாரின் தடை ஏறத்தாழ 0.03 ஓம், பேட்டரியின் உள்தடை 0.01 ஓம் என்று கொண்டால், மொத்தத் தடை 0.09 ஓம் ஆகிறது. ஓமின் விதிப்படி ஓடக்கூடிய மின்னோட்டம் 140 ஆம்பியர். அதில் 7 வோல்ட்டை அந்த எர்த் இணைப்பே விழுங்கிவிடும். மோட்டாருக்குக் கிடைப்பது 4 வோல்ட்டைச் சற்றே தாண்டும். கனமான என்ஜினைச் சுழற்ற அது எந்த மூலைக்கும் போதாது. முகப்பு விளக்குகளின் மின்னோட்டம் பாடியிலிருந்து சேஸிஸ் வழியாக நேரே பேட்டரிக்குத் திரும்பிவிடுவதால், இந்தப் பட்டையைத் தொடுவதே இல்லை. அதனால்தான் விளக்கு பளிச்சென்று எரிகிறது, மோட்டார் அசைய மறுக்கிறது.

சார்ஜ் ஏறாததற்கும் இதே பட்டைதான் காரணம். ஆல்டர்நேட்டருக்குள் இருக்கும் ரெகுலேட்டர், வெளியேறும் முனைக்கும் தன் உலோகக் கூட்டுக்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தைத்தான் பெரும்பாலும் அளக்கிறது. அங்கே 14.2 வோல்ட் இருப்பதைக் கண்டு அது நிறைவடைந்துவிடுகிறது. ஆனால் என்ஜின் ஓடும்போது மின்னோட்டம் புறப்படுவது ஆல்டர்நேட்டரிலிருந்து; எர்த் பட்டை வழியாகத்தான் அது அங்கே திரும்ப வேண்டும். விளக்குகளுக்கும் மற்றவற்றுக்குமாக 30 ஆம்பியர் ஓடினால் எர்த் இணைப்பில் 1.5 வோல்ட் தொலைந்து, பேட்டரியின் முனைகளில் 12.7 வோல்ட்தான் மிஞ்சும். பேட்டரி ஒழுங்காக நிரம்ப வேண்டுமானால் 14 வோல்ட்டை ஒட்டிய அழுத்தம் வேண்டும். ஆல்டர்நேட்டரைக் கழற்றிச் சோதனை மேசையில் வைத்தால் அது தேறிவிடும்; வண்டியில் மாட்டினால் மறுபடியும் தோற்கும்.

பட்டை அறவே இல்லாவிட்டால் மின்னோட்டம் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் இணைப்புக் கம்பிகள், உலோக டீசல் குழாய், புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று உலோகத் தொடர்பு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் பிரிந்து ஓடும். செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலரேட்டர் கேபிளின் உறை புகைந்தால், அந்தக் கேபிள்தான் எர்த் கம்பியாக வேலை பார்க்கிறது என்று பொருள். பேரிங்குகள் வழியே மின்னோட்டம் பாய்ந்தால் அவற்றின் வழவழப்பான பரப்பில் நுண்ணிய குழிகள் விழும்.

இவ்வளவும் நடக்கும்போது மீட்டர் ஏன் 12.6 வோல்ட் காட்டியது? டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். அது சோதிக்கும் சுற்றிலிருந்து எடுத்துக்கொள்வது 1.3 மைக்ரோ ஆம்பியர் அளவு மின்னோட்டம்தான். வழியில் 0.05 ஓம் அல்ல, 1,000 ஓம் தடை குறுக்கே இருந்தாலும் இவ்வளவு சிறிய ஓட்டத்தில் அது தின்பது 1.3 மில்லிவோல்ட் மட்டுமே. மின்னோட்டம் ஓடாத இடத்தில் தடை தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. மீட்டரை ஓம் நிலைக்குத் திருப்பியும் பயனில்லை; மீட்டர் கம்பிகளின் சொந்தத் தடையே நாம் தேடும் 0.05 ஓமைவிடப் பெரிதாக இருக்கும்.

என்னை மிகவும் கவர்வது இந்தத் தடை எங்கிருந்து பிறக்கிறது என்பதுதான். இரண்டு உலோகத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து போல்ட் போட்டு இறுக்கினால் அவை முழுப்பரப்பிலும் ஒட்டிக்கொள்கின்றன என்று நம் கண் சொல்கிறது. உண்மையில் எவ்வளவு வழவழப்பான உலோகமும் நுண்ணிய மேடு பள்ளங்களால் ஆனது. ஒன்றின் மேடுகள் மற்றொன்றின் மேடுகளைத் தொடும் சில புள்ளிகளில் மட்டுமே தொடர்பு ஏற்படுகிறது. இறுக்கும்போது அந்தப் புள்ளிகள் நசுங்கி அகலமாகின்றன. எதுவரை? மேலிருந்து வரும் விசையைத் தாங்கும் அளவுக்குப் பரப்பு சேரும்வரை. அதற்குமேல் அவை நசுங்குவதில்லை. எனவே உண்மையான தொடுபரப்பு என்பது, இறுக்கும் விசையை மென்மையான உலோகத்தின் கடினத்தன்மையால் வகுத்தால் கிடைக்கும் அளவு. 10,000 நியூட்டன் விசையில் இறுகிய ஒரு செம்பு லக்கில் (பட்டையின் முனையில் போல்ட் போடுவதற்கான துளையுள்ள தகடு) அது ஏறத்தாழ 10 சதுர மில்லிமீட்டர். லக்கின் முகப்பு 200 சதுர மில்லிமீட்டர் இருந்தாலும் 400 இருந்தாலும் இந்தப் பத்து மாறாது! தொடர்பைத் தீர்மானிப்பது லக்கின் அகலம் அன்று, போல்ட்டின் இறுக்கம். நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டமும் அந்தச் சில புள்ளிகளின் வழியே குறுகி நுழைந்து, மறுபுறம் மீண்டும் விரிகிறது. போல்ட் தளர்ந்தால் புள்ளிகள் குறைந்து தடை ஏறுகிறது.

இந்தப் புரிதலுக்கு வழிவகுத்த ஆய்வுகளில் ஒன்றை 1939-இல் பௌடன், டேபர் என்ற இருவரும் வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது உராய்வு எப்படி உண்டாகிறது என்பதை. தொடுபரப்பை அளக்க அவர்கள் கையாண்ட வழி, இரு உலோகங்களுக்கிடையே ஓடும் மின்னோட்டத்தை அளப்பது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டு ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோர் இதைச் சிந்திக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உராய்வைப் பற்றிய ஓர் அடிப்படைக் கேள்விதான் இன்று ஒரு மெக்கானிக்கின் ஸ்பானருக்குக் காரணம் சொல்கிறது.

இனி அந்தப் புள்ளிகளின் எதிரிகள். வண்ணப் பூச்சு அவற்றைச் சந்திக்கவே விடுவதில்லை. துருவோ, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்வதால், இணைப்பை உள்ளிருந்தே நெம்பிப் பிரிக்கிறது. புதிய என்ஜினின் பிளாக் அலுமினியம் என்றால், சுரண்டிய மறுகணமே அதன்மேல் சில நானோமீட்டர் தடிப்பில் மின்கடத்தா ஆக்சைடு படர்ந்துவிடும். நல்ல இறுக்கம்தான் அதை உடைத்து உலோகத்தை உலோகத்தோடு சேர்க்கும். எனவே வண்ணத்தை வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். பல் வாஷர் போட்டு முடுக்க வேண்டும். பிறகு கிரீஸ் தடவ வேண்டும். கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாதே என்று சிலர் தயங்குவார்கள். உலோக மேடுகள் அதைப் பிதுக்கித் தள்ளிவிட்டுத்தான் ஒன்றையொன்று தொடுகின்றன. எஞ்சிய கிரீஸ் பள்ளங்களில் தங்கி, காற்றும் ஈரமும் புகாமல் தடுக்கிறது.

அளக்கும் முறையும் இப்போது தெளிவாகும். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனைக் கம்பத்திலும், சிவப்பு முனையை என்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும் வையுங்கள். வண்டியை நியூட்ரலில் வைத்து, எரிபொருளைத் துண்டித்து, இன்னொருவரை ஓரிரு நொடிகள் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல இணைப்பில் 0.2 வோல்ட்டுக்குள் காட்டும். நம் எடுத்துக்காட்டில் 7 வோல்ட் காட்டும். முனையைச் சேஸிஸுக்கும் பிறகு பட்டையின் இரு லக்குகளுக்கும் நகர்த்தினால், வோல்ட் எங்கே தாவுகிறதோ அங்கேதான் கோளாறு. மீட்டர் இல்லாதவர்கள் ஒரு ஜம்பர் கேபிளைப் பேட்டரியின் எதிர்முனைக்கும் பிளாக்குக்கும் இடையே மாட்டிப் பார்க்கலாம். என்ஜின் உடனே சுழன்றால் ஐயமில்லை. இதைச் செய்யாமல் பேட்டரி, செல்ஃப் மோட்டார், ஆல்டர்நேட்டர் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவது பரிகாரம் செய்வதற்கு ஒப்பானது என்பது என் கருத்து.

எர்த் சரியாக இருந்தும் தொல்லை நீடித்தால், பழைய வயரிங்கும் புதிய என்ஜினும் ஒத்துப்போகாத இடங்களைப் பார்க்க வேண்டும். பிளாட்டினம் பாயின்ட் (தீப்பொறிக்காக மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த பழைய பெட்ரோல் வண்டிகள் பலவற்றில், இக்னிஷன் காயிலுக்குப் போகும் கம்பியில் ஒரு தடை இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அது விலக்கப்பட்டு முழு அழுத்தமும் கிடைக்கும். அந்தக் கம்பியிலிருந்து புதிய மின்னணு இக்னிஷனுக்கு இணைப்புக் கொடுத்தால், செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் பற்றிக்கொள்ளும். சாவியை விட்டதும் அணைந்துவிடும். டாஷ்போர்டில் ஆம்பியர் மீட்டர் உள்ள வண்டியில் சார்ஜ் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியே போகிறது. 30 ஆம்பியருக்காகப் போட்ட அந்தக் கம்பியில் 100 ஆம்பியர் ஆல்டர்நேட்டரை இணைத்தால் கம்பி உருகும். பேட்டரிக்கு ஃப்யூஸோடு கூடிய தடித்த தனிக் கம்பி இழுத்தே ஆக வேண்டும்.

டாஷ்போர்டின் சிறிய சார்ஜ் விளக்கையும் அலங்காரம் என்று நினைத்துக் கழற்றிவிடக் கூடாது. பல ஆல்டர்நேட்டர்களில் சுழலிக்குத் தேவையான முதல் காந்தப்புலத்தை, இந்த விளக்கின் வழியே வரும் சுமார் 0.2 ஆம்பியர்தான் உண்டாக்குகிறது. சுழலியில் எஞ்சியிருக்கும் காந்தம், ஒரு திசையில் மட்டும் ஓட்டத்தை விடும் டயோடுகளைத் தாண்டும் அழுத்தத்தை மெதுவான வேகத்தில் தருவதில்லை. மின்னுற்பத்தி தொடங்கியதும் விளக்கின் இரு முனைகளிலும் ஒரே அழுத்தம் வந்துவிடுவதால் அது அணைகிறது. அதற்குப் பதில் எல்இடி போட்டால், ஓட்டம் போதாமல், என்ஜினை உறுமவிடும்வரை சார்ஜ் ஏறாது. எல்இடிக்கு இணையாக ஒரு தடையைப் போட்டால் சரியாகும். சாவியை அணைத்த பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால், இதே விளக்குக் கம்பியின் வழியே ஆல்டர்நேட்டர் பின்னோக்கி மின்சாரம் அனுப்பி இக்னிஷன் ரிலேயை (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) பிடித்து வைத்திருக்கக்கூடும்; ஆல்டர்நேட்டரை நோக்கி மட்டும் ஓட்டத்தை விடும்படி ஒரு டயோடை அந்தக் கம்பியில் சேர்த்தால் ரிலே விடுபடும்.