பழைய குழுவின் கையெழுத்து: ஜான் லைடன் வழக்குகள் இசைக்கலைஞர்களுக்குச் சொல்வது

1978ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லாண்ட் அரங்கில் நடந்த நிகழ்ச்சியோடு, செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் ராக் குழு சிதறியது. அதன் பாடகர் ஜான் லைடனுக்கு அப்போது 22 வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அவருடைய புதிய குழுவான பப்ளிக் இமேஜ் லிமிடெட்டின் முதல் இசைத்தட்டு வெளிவந்து, பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் ஒன்பதாம் இடத்தைப் பிடித்தது. இசை வரலாறு எழுதுவோர் இந்த ஒன்பது மாதங்களை ஒரு கலைஞனின் மறுபிறவியாகக் கொண்டாடுவார்கள். இசைக்கலைஞர்களின் ஒப்பந்தங்களை வாசிப்பதும் எழுதுவதும் பிழைப்பாகிப்போன எனக்கோ, புதுக் குழு தொடங்கிய பின்னும் பழைய குழுவின் தாள்கள் அவரை எத்தனை காலம் துரத்தின என்பதுதான் கண்ணில் படுகிறது. அந்தத் துரத்தல் 2021 வரை நீண்டது.

முதலில் 1976க்குப் போக வேண்டும். குழுவின் மேலாளர் மால்கம் மெக்லாரன், கிளிட்டர்பெஸ்ட் என்ற தன் நிறுவனத்தின் பெயரில் குழுவினரிடம் மேலாண்மை ஒப்பந்தம் பெற்றிருந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் இஎம்ஐ என்ற இசைத்தட்டு நிறுவனம் 40,000 பவுண்டு முன்பணம் கொடுத்துக் குழுவை எடுத்துக்கொண்டது. சில மாதங்களிலேயே தொலைக்காட்சிச் சர்ச்சை ஒன்றுக்குப் பின் கைவிட்டது. அடுத்து ஏ அண்ட் எம் நிறுவனம் வந்த வேகத்திலேயே போனது. 1977 மே மாதத்தில் வர்ஜின் வந்தது. ஒவ்வொரு முறையும் பணம் மேலாளரின் நிறுவனத்துக்குள் போயிற்று. அங்கிருந்து அது எங்கே போயிற்று என்பதைக் குழுவினர் ஒழுங்காக அறிந்துகொண்டது வழக்குப் போட்ட பிறகுதான். குழு உடைந்தபின் லைடன் தொடுத்த வழக்கு 1979 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, நீதிமன்றம் சொத்துகளைப் பொறுப்பேற்க ஒரு ரிசீவரை நியமித்தது. கையிருப்பின் பெரும்பகுதி, குழுவைப் பற்றி மெக்லாரன் எடுத்துக்கொண்டிருந்த திரைப்படத்தில் கரைந்திருந்தது. வழக்கு 1986 ஜனவரியில்தான் முடிந்தது. குழுவின் உரிமைகள் அதன் உறுப்பினர்களான லைடன், ஸ்டீவ் ஜோன்ஸ், பால் குக் ஆகியோருக்கும், 1979இலேயே இறந்துவிட்ட சிட் விஷஸின் வாரிசுரிமைக்கும் வந்து சேர்ந்தன.

இந்த எட்டு ஆண்டுகளில் லைடன் சும்மா இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புதுக் குழுவோடு தட்டுகள் வெளியிட்டார், மேடை ஏறினார், உலகம் சுற்றினார். ஜானி ராட்டன் என்ற மேடைப் பெயரின் மீது மேலாளர் தரப்பு உரிமை கொண்டாடியதால், புதுக் குழுவில் பெற்றோர் வைத்த பெயரிலேயே பாடினார். ஒருவனுடைய குரல் அவனோடு போகும். அவனை ஊரறியச் செய்த பெயர் போகாமலும் இருக்கலாம்.

குழுவிலிருந்து பிரிந்து வரும் பாடகர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “பழைய பாட்டையெல்லாம் நான் இனிமேல் பாடலாமா, மேடம்?” பாட்டு என்பது சட்டத்தின் பார்வையில் ஒரே பொருள் அன்று. வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனியாக ஓர் உரிமை, அதில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் என்ற முறையில் வேறோர் உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநருக்கு 50 ஆண்டுகள் பாதுகாப்பு தருகிறது. மேடையில் பழைய பாடலைப் பாடுவதற்கு, வரிக்கும் மெட்டுக்கும் உரிமையாளர் யாரோ அவருடைய உரிமம் வேண்டும். வழக்கமாக அதை ஐபிஆர்எஸ் போன்ற பதிப்புரிமைச் சங்கத்திடம் நிகழ்ச்சி அமைப்பாளர் வாங்குகிறார். அதே பாடலைப் புதிதாகப் பதிவுசெய்து வெளியிடுவது வேறு சங்கதி. பழைய பதிவை எடுத்துப் புதுக் குழுவின் விளம்பரக் காணொளியில் ஒட்டிவிடுவது முற்றிலும் வேறு சங்கதி. பிணக்குகள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகின்றன.

பெயரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் கலைஞர்களிடையே இதில் இருக்கும் தவறான நம்பிக்கை ஆழமானது. “குழுவை ஆரம்பித்தவன் நான், ஆகவே பெயர் என்னுடையது” என்று ஒருவர் சொல்வார். “பெயரை யோசித்தவன் நான்” என்று இன்னொருவர் சொல்வார். இங்கிலாந்தில் சாக்ஸன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் வழக்கு 2003இல் இதற்கு ஒரு தெளிவான விடை தந்தது. அக்குழுவிலிருந்து வெவ்வேறு காலத்தில் விலகிய இரு உறுப்பினர்கள் பிற்பாடு அந்தப் பெயரைத் தங்கள் வணிகச் சின்னமாகப் பதிவுசெய்துகொண்டார்கள். தொடக்கம் முதல் குழுவிலேயே இருந்த பாடகர் பிஃப் பைஃபோர்ட் அதை எதிர்த்தார். நீதிபதி லாடி, எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லாத அந்தக் குழுவை ஒரு கூட்டாண்மையாகப் பார்த்தார். பெயரும் அதன் நற்பெயரும் கூட்டாண்மையின் சொத்து. தனித்தனி உறுப்பினர் எவரும் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. விலகியவர் சொத்தின் மதிப்பில் பங்கு கேட்கலாமே தவிர, பெயரையே கேட்க முடியாது. பதிவு செல்லாது என்று தீர்ப்பானது. உறுப்பினர் விலகினாலும் கூட்டாண்மை தொடரும் என்று எழுதிவைத்திருந்தால் இந்த வழக்கே வந்திராது என்ற பொருள்படவும் நீதிபதி சொன்னார். அந்தத் தீர்ப்பை நான் பலருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

நம் நாட்டிலும் நிலைமை அதிகம் மாறுபட்டதன்று. லாபத்தைப் பகிர்ந்துகொள்ளும் உடன்பாட்டோடு சேர்ந்து தொழில் செய்பவர்களை 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் கூட்டாளிகளாகக் கருதுகிறது. பத்திரம் எழுதியிருக்க வேண்டும், பதிவாகியிருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே, கல்லூரி விழாவில் கிடைத்த தொகையை நால்வராகப் பிரித்துக்கொள்ளும் நான்கு நண்பர்கள், தாங்கள் அறியாமலேயே ஒரு கூட்டாண்மைக்குள் நிற்கக்கூடும். அப்படிப்பட்ட அமைப்பு கலைக்கப்பட்டால், கணக்கு முழுதாகத் தீரும்வரை பழைய பெயரில் அதே தொழிலை இன்னொருவர் நடத்துவதைத் தடுக்க ஒவ்வொரு கூட்டாளிக்கும் 53ஆம் பிரிவு வழி தருகிறது. வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய. புதுக் குழு தொடங்கும் அவசரத்தில் பழைய பெயரோடு ஒரு சொல்லை மட்டும் சேர்த்துச் சுவரொட்டி அடிப்பவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை படித்துவிட்டு அச்சகத்துக்குப் போகலாம்.

லைடனின் கதையில் என்னை மிகவும் சிந்திக்கவைப்பது அவருடைய இரண்டாவது குழுதான். முதல் குழுவில் பட்ட அடியின் நினைவோடு அவர் தொடங்கிய குழுவின் பெயரிலேயே ‘லிமிடெட்’ இருந்தது. இது வெறும் ராக் குழுவன்று, ஒரு நிறுவனம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். கிதார் கலைஞர் கீத் லெவீனும் பேஸ் கிதார் வாசித்த ஜா வோபிளும் சேர்ந்த அந்தக் குழு, 1979இல் மூன்று இசைத்தட்டுகளைத் தகர டப்பாவில் அடைத்து வெளியிட்ட தொகுப்பு இன்றும் பேசப்படுகிறது. ஆனால் 1980இலேயே வோபிள் விலகினார். குழுவின் பின்னணிப் பதிவுகளைத் தம் தனித் தட்டில் பயன்படுத்திக்கொண்டார் என்பது அப்போது எழுந்த மனக்கசப்புகளில் ஒன்று. 1983இல் லெவீன் விலகும்போது முடிவடையாத பதிவு நாடாக்களைக் கையோடு எடுத்துச் சென்று, 1984இல் தாமே அதைத் தட்டாக வெளியிட்டார். அதே பாடல்களில் பலவற்றைத் திரும்பப் பதிவுசெய்து, லைடன் அதே ஆண்டு வேறொரு தட்டாகக் கொண்டுவந்தார். ஒரே பாடல்கள், இரண்டு தட்டுகள், இரண்டு தரப்பு.

ஒரு மேலாளரிடம் ஏமாந்ததாகக் கருதும் பாடகர், தம் புதுக் குழுவில் வெளியார் எவரும் நுழையாதபடி வாசலை அடைப்பார்; உள்ளே இருப்பவர்களுக்குள் கணக்கைப் பிரித்து எழுதிவைக்க மாட்டார். நட்பே போதும் என்ற எண்ணம் முதல் குழுவில் இருந்ததைவிட இரண்டாவதில் அதிகமாகவே இருக்கும். என் அலுவலகத்துக்கு வரும் பிணக்குகளில் இந்த வகையைத்தான் அடிக்கடி காண்கிறேன். பதிவின் மூலக் கோப்புகள் யாருடைய கணினியில் இருக்கின்றன, அவை யாருக்குச் சொந்தம், பாதியில் விலகுபவர் எதை எடுத்துச் செல்லலாம் என்ற மூன்று வரிகளை எழுதியிருந்தால் பாதி வழக்குகள் என் மேசைக்கே வந்திரா.

1986இல் வெளிவந்த தட்டில் பப்ளிக் இமேஜ் லிமிடெட் ஏறத்தாழ லைடன் ஒருவரின் பெயராகவே சுருங்கியிருந்தது. மேளத்துக்கு ஜிஞ்சர் பேக்கரும் டோனி வில்லியம்ஸும், கிதாருக்கு ஸ்டீவ் வாய் என்று பெரிய கைகள் வந்து வாசித்துக்கொடுத்தன. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் கலைஞர் எல். சங்கரும் அதில் வாசித்திருக்கிறார் என்பது நம் வாசகர்களுக்குச் சிறு மகிழ்ச்சி தரலாம். இப்படி வந்து வாசிப்பவர் குழுவின் உறுப்பினரல்லர். பெயரிலோ முடிவுகளிலோ அவருக்குப் பங்கில்லை, ஆனால் நிகழ்த்துநர் உரிமை உண்டு. புதுக் குழு தொடங்கும் பாடகர், டிரம்ஸ் வாசிக்கக் கூப்பிடும் நண்பரை உறுப்பினராகச் சேர்க்கிறாரா, கூலிக்கு அமர்த்துகிறாரா என்பதை முதல் ஒத்திகைக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டவர்கள் பின்னால் வக்கீல் கட்டணம் கொடுத்திருக்கிறார்கள்.

இனி, 2021ஆம் ஆண்டின் தீர்ப்பு. 1996இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் மறுபடி ஒன்றுகூடி ஊர் ஊராகப் பாடியது. 1998இல் உறுப்பினர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. குழுவின் உரிமைகள் தொடர்பான முடிவுகளைப் பெரும்பான்மையால் எடுக்கலாம் என்று அது கூறியது. பல ஆண்டுகள் அந்தத் தாளை யாரும் எடுக்கவில்லை. ஒருவர் மறுத்தால் விட்டுவிடுவது என்றே காரியங்கள் நடந்தன என்பது லைடன் தரப்பின் வாதம். பிறகு ஜோன்ஸின் நினைவுநூலை ஒட்டி ஒரு தொலைக்காட்சித் தொடர் எடுக்கப்பட்டது. அதில் குழுவின் பாடல்களைச் சேர்க்க லைடன் சம்மதிக்கவில்லை. ஜோன்ஸும் குக்கும் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2021 ஆகஸ்டில் நீதிபதி சர் ஆந்தனி மான், 1998ஆம் ஆண்டு ஒப்பந்தம் லைடனைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தார். அதன் விளைவு தமக்குப் புரிந்திருக்கவில்லை என்ற வாதம் எடுபடவில்லை. கையெழுத்திட்டபோது அவருக்குச் சட்ட ஆலோசகர்கள் இருந்தார்கள்.

பெரும்பான்மை விதி கெட்டதென்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் தடுப்பதிகாரம் கொடுத்தால், ஒருவர் கோபித்துக்கொண்டு கைபேசியை அணைத்துவிட்டால் எதுவும் நகராது. ஆனால் எந்தெந்த முடிவுக்குப் பெரும்பான்மை போதும், எதற்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்ற எல்லையைப் பாடகர் தம் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நம் கூட்டாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அன்றாடக் காரியங்களில் பெரும்பான்மையையும் தொழிலின் தன்மையையே மாற்றும் முடிவில் அனைவரின் ஒப்புதலையும் கேட்கிறது. சோப்பு விளம்பரத்துக்குப் பாட்டைக் கொடுப்பது அன்றாடக் காரியமா? நால்வரிடம் கேட்டால் நான்கு பதில் வருகிறது. ஆகவே அதை எழுதிவிடுவது நல்லது.

மேலாளர்களும் தயாரிப்பு நிறுவனங்களும் நீட்டும் தாள்களில், விலகினால் இத்தனை ஆண்டுகள் வேறு குழு தொடங்கக் கூடாது என்ற நிபந்தனை அடிக்கடி காணப்படுகிறது. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் ஒருவரைத் தம் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் உடன்பாடு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஒப்பந்தம் நடப்பிலிருக்கும் காலத்துக்குரிய கட்டுப்பாட்டின் நிலை வேறு. எனவே மிரட்டல் கடிதம் வந்தவுடன் புதுக் குழுவைக் கலைத்துவிடவும் வேண்டாம், அதைக் கிழித்துப் போடவும் வேண்டாம். ஒப்பந்தம் எந்தத் தேதியோடு முடிகிறது என்று முதலில் பாருங்கள். பதிப்புரிமையை எழுதிக்கொடுத்த பத்திரமாக இருந்தால், கால அளவு குறிப்பிடப்படாதபோது அது ஐந்து ஆண்டுகளுக்கும், இடம் குறிப்பிடப்படாதபோது இந்தியாவுக்கும் மட்டுமே என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்வதையும் நினைவில் வையுங்கள். அவ்வாறு தானாகவே திரும்பி வந்துவிட்ட உரிமையைத் தங்களுடையது என்று அறியாமலே இருந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

லைடன் 2009இல் தம் இரண்டாவது குழுவை மீண்டும் கூட்டியபோது, அதற்கான பணம் ஒரு வெண்ணெய் விளம்பரத்தில் நடித்ததிலிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2012இல் அக்குழுவின் புதுத் தட்டைத் தம் சொந்த வெளியீட்டில் கொண்டுவந்தார். பழைய குழுவோ 2024இல் ஃபிராங்க் கார்ட்டர் என்ற வேறொரு பாடகரோடு மேடை ஏறியது.

2021ஆம் ஆண்டு வழக்கில் இன்னொரு செய்தி உண்டு. ஜோன்ஸ், குக் தரப்பின் நிலைக்கு, குழுவின் முதல் பேஸ் கிதார் கலைஞரான கிளென் மட்லாக்கும், சிட் விஷஸின் வாரிசுரிமையும் ஆதரவாக நின்றார்கள். இறந்து 42 ஆண்டுகள் ஆன ஒருவரின் பங்கு, உயிரோடிருக்கும் பாடகருக்கு எதிர்ப்பக்கம் நின்றது. இந்தியாவில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் பதிப்புரிமை அவர்கள் இறந்து 60 ஆண்டுகள் வரை தொடர்வதால், குழு ஒப்பந்தத்தில் வாரிசு பணத்தில் மட்டும் பங்கு பெறுவாரா, முடிவெடுப்பதிலும் பங்கு பெறுவாரா என்று ஒரு பத்தி சேர்ப்பது என் வழக்கம். இருபது வயதுப் பிள்ளைகள் அதைப் படித்ததும் சிரித்துவிட்டு, “இது எதுக்கு மேடம், எடுத்துடுங்க” என்பார்கள். மற்ற எந்தப் பத்தியைப் பற்றியும் பேசலாம் என்று சொல்லி, அதை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன்.