ஒன்றரை வயசு ஊசிக்கு போறப்ப இதையும் கேட்டுட்டு வாங்க

போன வாரம் சொந்தத்துல ஒரு தங்கச்சி போன் பண்ணினா. "அக்கா, பாப்பாவுக்கு ரெண்டு வயசு ஆகப்போகுது, பேர் சொல்லி கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறா, அத்தைகிட்ட சொன்னா அவ அப்பனே மூணு வயசுல தான் பேசினான், சும்மா பயப்படாதங்குறாங்க". இதே பேச்சை எங்க வீட்லயும் நம்பி என் பையன் விஷயத்துல ஒன்றரை வருஷம் விட்டவ நான், அதனால அவகிட்ட சொன்னதை எல்லாருக்கும் சேர்த்து எழுதறேன்.

ஆட்டிசம், அதாவது மத்தவங்களோட பழகறதுலயும் பேச்சுலயும் வித்தியாசம் தெரியற வளர்ச்சிப் பிரச்சனை, இருக்கான்னு பாக்கறதுக்கு முதல்லயே பெரிய பிரைவேட் சென்டருக்கு ஓட வேண்டியதில்ல. ஆர்பிஎஸ்கேன்னு ஒரு மத்திய அரசு திட்டம் 2013ல இருந்து இருக்கு, பொறந்த குழந்தையில இருந்து 18 வயசு வரைக்கும். பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, சின்ன வயசு நோய், வளர்ச்சி தாமதம்னு நாலு வகையா பிரிச்சு மொத்தம் 30 பிரச்சனைய தேடிப் பாக்கறாங்க, அந்த லிஸ்ட்ல ஆட்டிசமும் இருக்கு. டாக்டர், நர்ஸ், ஃபார்மசிஸ்ட் சேர்ந்த டீம் வேன்ல வரும், அங்கன்வாடிக்கு வருஷத்துல ரெண்டு தடவை, அரசு பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் ஒரு தடவை. டெஸ்ட், ரெஃபரல், தெரபி எல்லாமே இலவசம்.

ஆனா அந்த டீம் வர்ற அன்னிக்கு உங்க குழந்தைக்கு காய்ச்சலா இருக்கலாம், ஊருக்கு போயிருக்கலாம், இல்ல பால்வாடிக்கே அனுப்பாம வீட்லயே வெச்சிருக்கலாம். அதனால தான் நான் தடுப்பூசி நாளை பிடிச்சுக்க சொல்றேன். 16ல இருந்து 24 மாசத்துக்குள்ள பூஸ்டர் ஊசி இருக்கு இல்லயா, ஆட்டிசம் அறிகுறி கண்ணுக்கு தெரிய ஆரம்பிக்கற வயசும் கிட்டத்தட்ட அதே தான். எப்படியும் பிஎச்சிக்கு (ஆரம்ப சுகாதார நிலையம்) போறீங்க, சிஸ்டர் முன்னாடி உக்காரறீங்க. புதன்கிழமை கூட்டத்துல அவங்களுக்கு நின்னு பேச நேரம் இருக்காது, அதை தப்பா எடுத்துக்காம, "சிஸ்டர், பாப்பா வளர்ச்சியில சந்தேகம் இருக்கு, டாக்டர்கிட்ட தனியா காட்ட எந்த நாள் வரட்டும்"னு நீங்களே கேட்டு வாங்கிட்டு வாங்க.

எதை வெச்சு சந்தேகப்படறதுன்னு கேட்டா, பேச்சை மட்டும் பாக்காதீங்க, நான் பண்ணின தப்பு அது தான். என் பையன் ஏபிசிடி பாட்டு முழுசா பாடுவான், அதனால பேச்சு வந்துருச்சுன்னு நெனச்சேன், ஆனா தண்ணி வேணும்னா என் கையப் புடிச்சு இழுத்துட்டு போய் குடத்துகிட்ட விடுவானே தவிர விரலை நீட்டிக் காட்டினதே இல்ல. குழந்தை நாய பாத்தா "அங்க பாரும்மா"ங்கற மாதிரி விரல் நீட்டி, உங்க முகத்தையும் திரும்பிப் பாக்கும் பாருங்க, அந்த ஒண்ணு இருக்கான்னு கவனிங்க. கூப்பிட்டா திரும்புதா, டாடா காட்டுதா, நீங்க செய்யறதைப் பாத்து செய்யுதா. ஒரு வயசுல மழலையோ சைகையோ இல்ல, 16 மாசத்துல ஒரு வார்த்தை கூட இல்ல, ரெண்டு வயசுல "அம்மா வா" மாதிரி தானா ரெண்டு வார்த்தை சேர்க்கல, இதுல எது இருந்தாலும் காட்டணும். முன்னாடி சொல்லிட்டிருந்த வார்த்தை நின்னு போச்சுன்னா எந்த வயசா இருந்தாலும் அன்னிக்கே காட்டணும்.

எம்-சாட்னு 20 கேள்வி உள்ள ஒரு ஃபார்ம் இருக்கு, 16ல இருந்து 30 மாச குழந்தைக்கு, அம்மா அப்பா ஆமா இல்லன்னு சொன்னா போதும், பத்து நிமிஷ வேலை. ஸ்கோர் 3ல இருந்து 7 வந்தா திரும்ப விவரமா கேப்பாங்க, 8ஓ அதுக்கு மேலயோ வந்தா நேரா முழு பரிசோதனைக்கு அனுப்பணும். ஸ்கோர் வந்ததும் அழ ஆரம்பிச்சுடாதீங்க, அது சல்லடை மாதிரி தான், சலிச்சதுல நின்ன குழந்தைக்கெல்லாம் ஆட்டிசம்னு அர்த்தம் இல்ல. அதே மாதிரி ஸ்கோர் கம்மியா வந்தும் உங்க மனசு உறுத்திட்டே இருந்தா விடாதீங்க, கொஞ்ச மாசம் கழிச்சு திரும்ப கேளுங்க.

சந்தேகம் இருக்குன்னா பிஎச்சி டாக்டர்கிட்ட டிஇஐசிக்கு ரெஃபரல் எழுதித் தரச்சொல்லுங்க, வாயால சொன்னா பத்தாது, சீட்டு வேணும். டிஇஐசிங்கறது மாவட்ட அளவுல இந்த குழந்தைகளுக்குன்னே இருக்கற மையம், மாவட்ட தலைமை மருத்துவமனையிலயோ அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயோ இருக்கும். குழந்தை டாக்டர், சைக்காலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், பிசியோ, ஸ்பெஷல் எஜுகேட்டர் எல்லாரும் ஒரே இடத்துல பாக்கற மாதிரி தான் திட்டமே. காது டெஸ்ட் கண்டிப்பா எடுப்பாங்க, ஏன்னா காது கேக்காத குழந்தையும் கூப்பிட்டா திரும்பாது. போறப்ப தாய் சேய் அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு எடுத்துக்கோங்க. அதை விட முக்கியம், குழந்தை வீட்ல விளையாடறது, கூப்பிட்டா என்ன பண்ணுது, சாப்பிடறதுன்னு ரெண்டு ரெண்டு நிமிஷ வீடியோ நாலஞ்சு எடுத்து வெச்சுக்கோங்க. ஆஸ்பத்திரியில புது முகத்தைப் பாத்து அழற குழந்தைகிட்ட டாக்டரால எவ்வளவு தான் பாக்க முடியும்.

இன்னொரு பயம், இந்த ஊசியால தான் ஆட்டிசம் வருதாமேன்னு அவளும் கேட்டா. இல்ல. அப்படி ஒரு கட்டுரை 1998ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகைல வந்துச்சு, அது தப்புன்னு 2010ல அவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க. அறிகுறி தெரியற வயசும் ஊசி போடற வயசும் ஒண்ணா இருக்கறதால அப்படி தோணுது. தட்டம்மை ஊசிய நிறுத்திடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

தெரபி ஆரம்பிக்க ஊனமுற்றோர் சான்றிதழ் வேணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தாமதம் இருக்குன்னு தெரிஞ்சாலே பயிற்சி ஆரம்பிக்கலாம், ஆட்டிசம்னு எழுதற வரைக்கும் கூட காத்திருக்க வேண்டாம். சான்றிதழ் அப்புறம் உதவிகளுக்கு தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகை மாற்றுத்திறன்ல ஆட்டிசமும் ஒண்ணு, 40 சதவீதமும் அதுக்கு மேலயும் இருந்தா 6ல இருந்து 18 வயசு வரைக்கும் இலவச படிப்பு உரிமை. தேசிய அறக்கட்டளைங்கற மத்திய அரசு அமைப்போட நிராமயா காப்பீடும் எடுக்கலாம், வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், தெரபி செலவும் அதுல வரும்.

பிஎச்சியில தேதி சொல்லி அனுப்பிட்டு பேசாம இருந்துட்டாங்கன்னா அங்கன்வாடி டீச்சர்கிட்ட ஆர்பிஎஸ்கே டீம் அடுத்து எப்ப வருதுன்னு கேளுங்க, இல்ல 104க்கு போன் போட்டு உங்க மாவட்ட டிஇஐசி எங்க இருக்குன்னு கேளுங்க. தங்கச்சி வர்ற புதன்கிழமை போறா, அத்தையையும் கூட்டிட்டு போன்னு சொல்லிருக்கேன், டாக்டர் சொல்றத அவங்களும் காதால கேக்கட்டும்.