‘பெத்தவ ஏன் அழல?’

துக்கத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு மனநல ஆலோசனை தருவது என் வேலை. இத்தனை வருடத்தில் நான் அதிகம் எதிர்கொண்ட கேள்வியைத் துக்கத்தில் இருப்பவர் கேட்டதே இல்லை. கூட வருகிற சொந்தக்காரர்தான், என்னை அறைக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "மேடம், பெத்த புள்ள போயிருக்கு. இவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. இது சரியா?"

ஒரு அம்மா என்னிடம் வந்தார் (யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மகன் விபத்தில் போன அன்று, வீட்டு வாசலில் இறக்கிய வாடகை நாற்காலிகளை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். அறுபது சொல்லியிருந்தது, ஐம்பத்தெட்டுதான் இருந்தது, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அதை யாரோ ஃபோனில் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து என் முன்னால் உட்கார்ந்தபோது அவரால் மகனைப் பற்றிப் பேச முடியவில்லை, அந்த வீடியோவைப் பற்றித்தான் பேசினார். "நான் ஏன் எண்ணிக்கிட்டு இருந்தேன்னு எனக்கே தெரியல மேடம்."

அந்த அம்மாவைப் போன்றவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ஆஸ்திரேலியாவின் லிண்டி சேம்பர்லைன் ஞாபகத்துக்கு வருவார். அவர் பெயர் தெரியாதவர்கள்கூட "குழந்தையைக் கொன்னுட்டு நாய் தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னவ" என்று எங்கேயோ கேட்டிருப்பார்கள். அந்த ஞாபகத்தில் பாதி பொய், அதுவும் அந்த நாட்டு நீதிமன்றங்களே பொய் என்று பதிவு செய்துவிட்ட பொய்.

1980 ஆகஸ்ட் 17, இரவு. உலுரு பாறைக்கு அருகில் முகாம். ஒன்பது வாரக் குழந்தை அஸாரியாவைக் கூடாரத்தில் தூங்கவைத்துவிட்டு, சமையல் நடக்கிற இடத்துக்கு வந்திருந்தார் லிண்டி. அழுகைச் சத்தம் கேட்டதாகப் பக்கத்தில் இருந்த இன்னொரு பெண் சாட்சி சொன்னார். ஓடிப்போன லிண்டி, டிங்கோ என்ற காட்டு நாய் கூடாரத்திலிருந்து வெளியே போவதைப் பார்த்துக் கத்தினார். அன்று இரவே சுமார் 300 பேர் இருட்டில் தேடினார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகள், தடம் பார்ப்பதில் தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள், டிங்கோ எதையோ சுமந்துகொண்டு போன தடம் இருப்பதாகச் சொன்னார்கள். டிங்கோக்களால் குழந்தைகளுக்கு ஆபத்து வரலாம் என்று பூங்காவின் தலைமை ரேஞ்சர் ஏற்கெனவே மேலிடத்துக்கு எழுதியும் இருந்தார். 1981 பிப்ரவரியில் முதல் மரண விசாரணை அதிகாரி, டிங்கோதான் காரணம் என்று தொலைக்காட்சி கேமரா முன்னாலேயே அறிவித்தார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஏனென்றால் அதற்குள் ஊருக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது: இந்த அம்மா ஏன் அழவில்லை?

லிண்டி பேட்டிகளில் நிதானமாக, முகத்தில் சலனம் இல்லாமல் பேசினார். கணவர் மைக்கேல் செவன்த் டே அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவச் சபையின் போதகர், அந்தச் சபையைப் பற்றி அன்று பலருக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாத இடத்தை வதந்தி நிரப்பியது. அஸாரியா என்றால் ‘வனாந்தரத்தில் பலி’ என்று அர்த்தமாம், உண்மையில் அது ‘கடவுள் உதவினார்’ என்ற பொருளில் வரும் எபிரேயப் பெயர். குழந்தைக்குக் கறுப்பு உடை போட்டார்களாம், அப்படி ஒரு உடை இருந்தது, ஆனால் அதற்கும் மரணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வீட்டில் சவப்பெட்டி இருந்ததாம், அதை புகைபிடிக்கும் பழக்கத்தை விடவைக்கும் வகுப்புகளில் காட்டுவதற்கு மைக்கேல் வைத்திருந்தார். துண்டுதுண்டாக எடுத்தால் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கிறது. சேர்த்து வைத்து, மேலே அழாத முகம் ஒன்றையும் ஒட்டிவிட்டால் நரபலிக் கதை தயார்.

அப்புறம் அறிவியல் வந்தது. சேம்பர்லைன் தம்பதியின் காரில் பச்சிளம் குழந்தையின் ரத்தம் இருப்பதாகத் தடயவியல் நிபுணர் சொன்னார். 1982 அக்டோபர் 29, டார்வின் நீதிமன்றம் லிண்டிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. அடுத்த மாதம் பிறந்த பெண் குழந்தையைப் பிறந்த சில மணி நேரத்தில் அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த ‘ரத்தத்தில்’ ஒரு பகுதி, சத்தம் குறைவதற்காகக் கார் தயாரிப்பின்போதே தெளிக்கப்பட்ட ரசாயனப் பூச்சு என்று பின்னால் தெரிந்தது. அந்தக் குடும்பம் வாழ்ந்த மவுண்ட் ஐசா செம்புச் சுரங்க ஊர், செம்புத் தூசியும் அந்த மாதிரி முதற்கட்டச் சோதனைகளை ஏமாற்றக்கூடியது.

என்னை மிகவும் பாதிப்பது அந்தச் சின்ன மேல்சட்டை. குழந்தை அன்று ஒரு பின்னல் மேல்சட்டை போட்டிருந்தது என்று லிண்டி முதலிலிருந்தே சொன்னார். மற்ற உடைகள் ஒரு வாரத்தில் கிடைத்தன, அது கிடைக்கவில்லை. அதனால் அவர் பொய் சொல்கிறார் என்றார்கள். 1986 தொடக்கத்தில் உலுருவில் தவறி விழுந்து இறந்த ஒரு சுற்றுலாப் பயணியைத் தேடப் போனவர்கள், டிங்கோ குகைகள் இருக்கும் பகுதியில் மண்ணில் பாதி புதைந்து கிடந்த அந்த மேல்சட்டையைக் கண்டெடுத்தார்கள். சில நாட்களில் லிண்டி சிறையிலிருந்து வெளியே வந்தார். மூன்று வருடத்துக்கும் மேல் உள்ளே இருந்துவிட்டார். 1988இல் தண்டனை ரத்தானது. டிங்கோதான் கொன்றது என்று இறப்புச் சான்றிதழில் எழுத வைக்க 2012 ஜூன் வரை, நான்காவது விசாரணை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு வருடம்! இதற்கு நடுவில் 2001இல் ஃப்ரேசர் தீவில் ஒன்பது வயதுச் சிறுவனை டிங்கோக்கள் தாக்கிக் கொன்றன. டிங்கோ மனிதக் குழந்தையைத் தொடாது என்று சாதித்தவர்கள் அதற்குப் பிறகுதான் கொஞ்சம் அமைதியானார்கள்.

இத்தனைக்கும் பிறகும் ‘அவள்தான் செய்திருப்பாள்’ என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இதற்குக் காரணம் கெட்ட எண்ணம் மட்டும் இல்லை, நம் ஞாபகம் வேலை செய்யும் விதமும்தான். ஒரு செய்தியின் சாரம் மனதில் தங்கும், அது எங்கிருந்து வந்தது என்பது சீக்கிரம் அழியும். டீக்கடையில் கேட்டதா, பேப்பரில் படித்ததா, நீதிமன்றத்தில் சொன்னதா என்பது பத்து வருடத்தில் கலந்துவிடும், ‘எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு’ என்ற உறுதி மட்டும் மிஞ்சும். வார்த்தைகூட ஞாபகத்தைத் திருத்தும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரே கார் விபத்துக் காட்சியைக் காட்டிவிட்டுச் சிலரிடம் கார்கள் ‘இடித்தபோது’ என்றும் சிலரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, காட்சியில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் ‘நொறுங்கிய’ என்று கேட்ட கூட்டத்தில் 50 பேருக்கு 16, ‘இடித்த’ என்று கேட்ட கூட்டத்தில் 50 பேருக்கு 7. ஒரே ஒரு சொல்! தலைப்பில் ‘மர்மத் தாய்’ என்று மாதக்கணக்கில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அழாதது குற்றத்துக்கு அடையாளமே இல்லை. அதிர்ச்சியில் சிலருக்கு உணர்ச்சி மரத்துப்போகும். சிலர் கணக்குப் பார்ப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள், வந்தவர்களுக்கு டீ போடுவார்கள், சம்பந்தமில்லாமல் சிரித்துக்கூட விடுவார்கள். மனதுக்கு அப்போது பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும், நாற்காலி எண்ணிக்கை அப்படி ஒன்றுதான். அதே ஆள் நாலு மாதம் கழித்து ரேஷன் கடை வரிசையில் நின்றபடி உடைந்து அழலாம், அங்கே யாரும் கேமராவோடு நிற்க மாட்டார்கள்.

அதனால் இழவு வீட்டில் யாரையும் வீடியோ எடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வந்த வீடியோவை அடுத்த குரூப்புக்கு அனுப்பாதீர்கள். செய்திச் சேனலில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் சொல்கிறேன், பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன்னால் மைக்கை நீட்டி "இப்போ எப்படி உணர்றீங்க?" என்று கேட்டு வாங்குகிற பதில் எதற்கும் சாட்சி ஆகாது. சந்தேகம் இருந்தால் போலீஸ் தடயத்தை வைத்து விசாரிக்கட்டும்.

அறைக்கு வெளியே என்னை நிறுத்திக் கேட்கிற சொந்தக்காரர்களிடம் இப்போது நான் நீண்ட விளக்கம் எதுவும் சொல்வதில்லை. "காலையில என்ன சாப்பிட்டாங்க? நேத்து ராத்திரி தூங்கினாங்களா, கூட யார் படுத்திருந்தா?" என்று திருப்பிக் கேட்கிறேன். பெரும்பாலும் பதில் தெரியாமல் விழிப்பார்கள். அப்புறம் உள்ளே போய் அந்த அம்மா பக்கத்தில் உட்காருவார்கள்.