சொப்பனம், கனவு, கனாத்திறம்

போன வாரம் விடியற்காலையில் ஒரு கனவு. எங்கள் ஊர்க் களத்தில் ஒரு யானை கால் மடக்கி உட்கார்ந்து தும்பிக்கையால் திருகைக் கல்லைச் சுற்றுகிறது, பக்கத்தில் என் ஆயா நின்று முறத்தில் ராகி மாவை வாங்குகிறார், அந்த மாவுக்குள் என் பற்கள் எல்லாம் கிடக்கின்றன. பதறி எழுந்து, போனை எடுத்து 'சொப்பன பலன்' என்று தேடினேன். யானையைக் கண்டால் செல்வம் சேரும், பல் விழுந்தால் உறவில் இழப்பு என்று இருந்தது. இரண்டும் ஒரே கனவில் வந்தால் என்ன என்பதற்குப் பதில் இல்லை. அன்று முழுக்க மனதில் நின்றது யானையைவிட அந்த இரண்டு சொற்கள்தான். சொப்பனம், பலன். இரண்டுமே வடசொல். இதற்கு நம்மிடம் சொல் இல்லையா?

முதலில் சொப்பனம். வடமொழி 'ஸ்வப்னம்' தமிழ் வாய்க்கு ஏற்ப மாறிய வடிவம். ஸ்வர்க்கம் சொர்க்கம் ஆனது, ஸ்வர்ணம் சொர்ணம் ஆனது, அதே தடத்தில் இதுவும் 'சொ' என்று தொடங்கி, 'ப்ன' என்று ஒட்டி நின்ற மெய்களுக்கு நடுவே ஓர் உயிரையும் வாங்கிக்கொண்டது. இதன் வேர் 'ஸ்வப்', பொருள் தூங்குதல். அதனால் வடமொழியில் ஸ்வப்னம் என்பது தூக்கத்தையும் குறிக்கும், தூக்கத்தில் காண்பதையும் குறிக்கும். கிரேக்கத்தில் தூக்கத்துக்கு உள்ள 'ஹிப்னாஸ்' என்ற சொல்லும் இதே மூலத்திலிருந்து வந்ததுதான், ஹிப்னாடிசம் அங்கிருந்து பிறந்தது.

தமிழ் இரண்டையும் ஒன்றாகக் கட்டவில்லை. தூங்குவதற்குத் துயில், உறக்கம் என்று தனிச் சொற்கள், அதில் காண்பதற்குக் கனவு அல்லது கனா. நிலா, நிலவு ஆவதுபோலக் கனா, கனவு ஆகிறது, இதற்கு நன்னூலிலேயே விதி உண்டு. எங்கள் ஊரில் வயதானவர்கள் 'கெனா' என்பார்கள். அதைக் கொச்சை என்று ஒதுக்காதீர்கள், சிலப்பதிகாரத்தில் இருக்கும் அதே கனாதான் கொஞ்சம் நாக்கு மாறி வருகிறது.

கனவு என்பது கண், காண் என்பதிலிருந்து பிறந்தது என்று பலரும் சொல்வதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அது ஒப்பவில்லை. கண்ணுக்கு மூன்று சுழி, கனவுக்கு இரண்டு சுழி. இது எழுத்துப் பிழையால் வந்த வேறுபாடு இல்லை, கன்னடத்திலும் கண்ணுக்கு ணகரம், கனவைக் குறிக்கும் கனசுக்கு னகரம்தான். இரண்டு மொழிகளும் ஒரே இடத்தில் பிரித்து வைத்திருப்பதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

கன்னடத்தை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூருக்குப் பஸ் ஏறினால் முன் சீட்டில் கன்னடம், பின் சீட்டில் தெலுங்கு, நடுவில் தமிழ். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அதுவும் இந்த எல்லைப் பக்கத்தில், ஒரு சொல்லின் உறவுக்காரர்களைத் தேட அகராதியே வேண்டாம், காதைத் திறந்து வைத்தால் போதும். கனவுக்குக் கன்னடத்தில் கனசு, தெலுங்கில் கல. மலையாளத்தில் கினாவு. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, கன்னடக்காரர்களுக்குக் கனவு 'விழும்' (கனசு பித்து என்பார்கள்), தெலுங்கில் அது 'வரும்', நாமோ கனவைக் 'காண்கிறோம்'. நமக்கும் வரும்தான், ஆனால் 'கனாக் கண்டேன் தோழீ நான்' என்று ஆண்டாள் பாடியதுதான் நம் பழைய வழக்கு. காண்பவர் ஒருவர் இருக்கிறார், கேட்கத் தோழி ஒருத்தி இருக்கிறாள்.

கனவுக்கு எதிர்ச்சொல் நனவு, விழித்திருக்கும் நிலை. கன்னடத்திலும் கனசுக்கு இணை நனசுதான். சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி என்று சைவ நூல்கள் அடுக்குவதற்கும் நனவு, கனவு, உறக்கம் என்ற தமிழ்ச் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. திருக்குறளில் 'கனவுநிலை உரைத்தல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. காதலரிடமிருந்து தூது கொண்டுவந்த கனவுக்கு நான் என்ன விருந்து வைப்பேன் என்று அதன் முதல் குறளில் தலைவி கேட்கிறாள். கனவை விருந்தாளியாக நினைக்கிற மனது அது.

சரி, சொப்பனத்துக்குக் கனவு கிடைத்துவிட்டது. 'சொப்பன பலன்' என்பதற்கு? 'கனவுப் பலன்' என்று பாதி மாற்றுவதில் எனக்கு நிறைவில்லை. சிலப்பதிகாரத்தின் ஒன்பதாம் காதையின் பெயரைப் பாருங்கள், கனாத்திறம் உரைத்த காதை. திறம் என்றால் தன்மை, வகை, கூறுபாடு. பலன் என்ற சொல் 'என்ன நடக்கும்' என்று மட்டும் கேட்கிறது. திறமோ 'இது எப்படிப்பட்ட கனவு' என்று கேட்கிறது. அப்புறம் 'உரைத்த' என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்தியிடம் வாய்விட்டுச் சொல்கிறாள். கணவனோடு ஒரு பெரிய ஊருக்குப் போனதாகவும், அந்த ஊரார் தேளைத் தூக்கிப் போடுவதுபோல் தன் மேல் ஒரு பழியைப் போட்டதாகவும், கோவலனுக்குத் தீங்கு நேர்ந்ததாகவும் சொல்கிறாள். தேவந்தி முற்பிறப்பில் தவறிய ஒரு நோன்பைக் காரணம் காட்டி, பரிகாரமாகப் பொய்கையில் நீராடச் சொல்கிறாள். கண்ணகி 'பீடன்று' என்று மறுத்துவிடுகிறாள், அது நமக்குப் பெருமை இல்லை என்று. தோழி சொன்னதை முழுக்கக் கேட்டாள், ஆனால் அவள் காட்டிய வழியில் போகவில்லை.

அதே காப்பியத்தில் பாண்டிமாதேவியும் ஒரு கனவு காண்கிறாள். குடையும் செங்கோலும் விழுகின்றன, வாசல் மணி நடுங்கி ஒலிக்கிறது, இரவில் வானவில் தோன்றுகிறது, பகலில் விண்மீன் விழுகிறது. குடை, கோல், வாசல் மணி எல்லாம் அரண்மனைப் பொருட்கள், ஆட்சியின் அடையாளங்கள். களை எடுக்கும் பெண்ணுக்கு வேறு பொருட்கள் வந்திருக்கும். இவற்றைச் 'சின்னம்' என்கிறோமே, அதுவும் வடசொல். நமக்குக் 'குறி' இருக்கிறது. அறிகுறி என்கிறோம், குறி கேட்கப் போகிறோம், ஆக 'கனவுக்குறி' என்றால் யாருக்கும் உடனே புரியும்.

என் கருத்து இதுதான், ஒரு குறிக்கு எல்லா ஊரிலும் ஒரே பொருள் இருக்க முடியாது. ஆண்டாள் கனவில் ஆயிரம் யானைகள் சூழ நாரணன் நம்பி நடந்து வருகிறான், அது கல்யாணக் களை. எங்கள் பக்கம் ராகிக் கதிர் முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டம் இறங்கும், பரணில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கப் பட்டாசும் கையுமாகக் காவல் காப்பவருக்கு யானைக் கனவு வந்தால் அதைச் 'செல்வம் சேரும்' என்று எப்படிச் சொல்வது? அந்தப் பலன் பட்டியலை எழுதியவர் ராகிக் காட்டைப் பார்த்திருக்க மாட்டார். அதனால்தான் பலன் வேண்டாம், திறம் வேண்டும் என்கிறேன். கனவு கண்டவரை அறிந்த ஒருவர் கேட்டுச் சொல்வதற்குத்தான் கனாத்திறம் என்ற பெயர் பொருந்தும்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் ஆயாவிடம் என் கனவைச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். "பல்லு வலிக்குதா உனக்கு?" என்றார். கடைவாய்ப் பல் ஒரு மாதமாகவே வலிக்கிறது, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. "கல்லைச் சுத்த ஆளில்லாமத்தான் யானை வந்து உக்காந்திருக்கு, நீ அறுப்புக்கு வந்து மூணு வருசம் ஆச்சு" என்றார். அப்புறம் எழுந்துபோய் ஒரு கிராம்பை எடுத்து வந்து, பல்லில் வைத்துக் கடித்துக்கொள் என்று கையில் கொடுத்தார். இந்த வருசம் அறுப்புக்கு லீவு கேட்டிருக்கிறேன்.