அலுவலகத் தொலைபேசியில் 995 அழுத்தினால் என்ன ஆகும்?

சிங்கப்பூரில் ஆம்புலன்ஸ், தீயணைப்பு உதவிக்கு அழைக்கும் எண் 995. வெளி இணைப்புக்கு முதலில் 9 அழுத்துவது பல அலுவலகங்களில் வழக்கம். பன்னிரண்டாம் மாடியில் ஒருவர் மயங்கி விழுகிறார். பக்கத்தில் இருப்பவர் பதற்றத்தில் நேரே 995 அழுத்துகிறார். முதல் 9ஐ, அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகமான பிஏபிஎக்ஸ் வெளி இணைப்புக் குறியாக எடுத்துக்கொள்கிறது. வெளியே போவது 95 மட்டும். அழைப்பு எங்கும் போய்ச் சேராது.

995 வந்த உடனே அனுப்பிவிடு என்று அமைத்தால் வேறு தொல்லை. 95இல் தொடங்கும் கைப்பேசி எண்ணை 9 சேர்த்து அழைப்பவரும் 995 அழைப்புகளை ஏற்கும் குடிமைத் தற்காப்புப் படைக்கே போய்விடுவார். அதனால் 995க்குப் பிறகு சில விநாடி பொறுத்து, அடுத்த இலக்கம் வராவிட்டால் அனுப்பச் சொல்லி அமைப்பார்கள். வெளி இணைப்புக் குறியையே 8 போல வேறு இலக்கத்துக்கு மாற்றுவதுதான் சுத்தமான வழி. உள் எண்கள் எதுவும் 995இல் தொடங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஊழியர்கள் முணுமுணுப்பார்கள், சில வாரம்.

அடுத்த சிக்கல் இடம். மறுமுனையில் தெரிவது பெரும்பாலும் நிறுவனத்தின் பொது எண். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு கட்டடத்தைக் காட்டும். எந்த மாடி, எந்த மின்தூக்கி என்று காட்டாது. அதை அறிந்தவர் நிறுவனத்தின் தொலைபேசி ஆப்பரேட்டர் மட்டுமே, அதுவும் உள் எண் பட்டியல் சரியாக இருந்தால். கணினி வலையமைப்பில் இயங்கும் ஐபி தொலைபேசியை வேறு மாடிக்குத் தூக்கிப் போனால் எண்ணும் கூடவே போகும்; பட்டியலோ பழைய மாடியையே சொல்லும்.

சிலர் ஆப்பரேட்டரையே அழைத்து உதவி கேட்பார்கள். அப்போது 995ஐ அழைத்து மூவரும் பேசும்படி இணைக்க வேண்டும். தகவலைக் கேட்டு ஆப்பரேட்டரே திருப்பிச் சொல்லக் கூடாது. நினைவு இருக்கிறதா, மூச்சு இயல்பாக இருக்கிறதா என்று 995 அதிகாரி கேட்பார். இதயம் நின்றவரும் சில நிமிடம் விட்டுவிட்டுத் திணறி மூச்சிழுக்கலாம். அதை ‘மூச்சு விடுகிறார்’ என்று இடையிலிருப்பவர் சுருக்கிச் சொன்னால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியான சிபிஆர் தொடங்கத் தாமதமாகும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்த வேண்டும். அந்தத் தாளத்தை அழுத்துபவரே ஸ்பீக்கரில் கேட்க வேண்டும்.

ஆப்பரேட்டர் முகவரி, மாடி, நுழைவாயில் மூன்றையும் சொல்லிவிட்டுத் தன் மைக்கை அணைத்து, இணைப்பிலேயே இருக்கலாம். இன்னொரு தொலைபேசியில் காவலாளிக்கு மூன்று வேலை: நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியை மேலே அனுப்பு, மின்தூக்கியைப் பிடித்து வை, வாசலில் ஆம்புலன்ஸுக்குக் கை காட்டு.

வெடிகுண்டு மிரட்டல் வந்தால் முறை வேறு. மிரட்டுபவரைப் பேசவிட்டு, சொன்ன சொற்களை அப்படியே எழுத வேண்டும். எங்கே, எப்போது வெடிக்கும் என்று கேட்க வேண்டும். சக ஊழியர் இன்னொரு இணைப்பில் காவல்துறையின் 999ஐ அழைப்பார்.