குயில் பஞ்சமத்திலா கூவுகிறது?

சங்கீத வகுப்பில் தொடக்கத்திலேயே மனப்பாடமாகிவிடும் பட்டியல் ஒன்று உண்டு. மயிலுக்கு ஷட்ஜம், எருதுக்கு ரிஷபம், ஆட்டுக்குக் காந்தாரம், கிரவுஞ்சத்துக்கு மத்திமம், குயிலுக்குப் பஞ்சமம், குதிரைக்குத் தைவதம், யானைக்கு நிஷாதம். எருதின் ரிஷபத்தை யாரும் சரிபார்த்ததாகத் தெரியவில்லை. குயிலைச் சரிபார்ப்பது சுலபம். பங்குனி, சித்திரையில் யாழ்ப்பாணத்து வளவுகளில் அது விடியப்புறமே தொடங்கிவிடும். நித்திரை கலைந்த கோபத்தோடு போனை யன்னலுக்கு வெளியே நீட்டினால் போதும்.

ஒலியைக் கோடாக வரைந்து காட்டும் ஆப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக மீடிறன், அதாவது ஒலி செக்கனுக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பது. ஒரே சுரத்தில் நிற்கும் குரல் கிடைக்கோடாக விழும். குயிலின் கூவலோ சரிந்து ஏறும் கோடு. அடுத்த கூவல் இன்னும் கொஞ்சம் மேலே, அதற்கடுத்தது இன்னும் மேலே. உச்சத்தில் சட்டென்று அறுந்து, சிறிது பொறுத்து மறுபடி கீழிருந்து வரும். நிற்கிற இடமே இல்லை. அதைவிட முக்கியம், பஞ்சமம் என்பது தனிச் சுரமல்ல, ஓர் உறவு. ஷட்ஜம் ஒன்று ஒலித்தால்தான் அதற்கு மேல் பஞ்சமம் இருக்க முடியும். குயில் யாருடைய ஷட்ஜத்துக்குப் பஞ்சமம் பாடுகிறது?

அந்த உறவு என்னவென்று பார்ப்போம். ஷட்ஜம் 200 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 200 அதிர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் வழக்கமாகப் பாடும் ஐந்து கட்டைக்குப் பக்கத்தில் வரும். பஞ்சமம் அதன் ஒன்றரை மடங்கு, 300 ஹேர்ட்ஸ். மனிதக் குரல் எப்போதும் ஒற்றை ஒலியாக வருவதில்லை. 200இல் பாடுகிற தொண்டையிலிருந்து 400, 600, 800 என்று மேற்றொனிகளும் கூடவே வருகின்றன. 300இல் பாடுகிறவரிடமிருந்து 600, 900, 1200. இரண்டு வரிசையும் 600இல் சந்திக்கின்றன. பஞ்சமம் பாடுகிறவர் சற்று மேலே போய் 303இல் நின்றால் அவருடைய 600 இப்போது 606 ஆகிவிடும். மற்றவரின் 600உம் இவருடைய 606உம் ஒன்றோடொன்று மோதி, செக்கனுக்கு ஆறு தடவை ஒலி பெருத்துச் சிறுக்கும். உயர்தரப் பௌதிகவியலில் படித்த அடிப்புகள் இவைதான். 301க்கு இறங்கினால் செக்கனுக்கு இரண்டு அடிப்பு. 300இல் அடிப்பு அடங்கி, இரண்டு குரலும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிய மாதிரி ஆகிவிடும். தேர்ந்த பாடகர்கள் கணக்குப் போடுவதில்லை. அந்த நடுக்கம் நிற்கும்வரை குரலை நகர்த்துகிறார்கள்.

இதை இரண்டு பேர் பத்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம். சுருதிப் பெட்டி வேண்டாம், அது ஒரு மூன்றாவது ஆளாகிக் குழப்பும். ஒருவர் ‘ஆ’ என்று ஷட்ஜத்தில் அசையாமல் நிற்க, மற்றவர் அதே ‘ஆ’வில் பஞ்சமத்துக்குச் சற்றுக் கீழிருந்து மிக மெதுவாக ஏற வேண்டும். இருவருக்கும் இடையில் ஒரு முழத்துக்கு மேல் தூரம் வேண்டாம். சத்தம் ஒரே அளவாக இருக்க வேண்டும். பிழைக்கிற இடங்கள் மூன்று. ஒருவர் ‘ஆ’, மற்றவர் ‘ஓ’ என்றால் வாயின் வடிவம் வேறாகி, ஒருவரிடம் எடுப்பாக இருக்கும் மேற்றொனி மற்றவரிடம் மங்கிவிடும். மோதுவதற்கு ஆள் இருக்காது. குரலை நடுங்கவிட்டுப் பாடிப் பழகியவர்களுக்கு அந்த நடுக்கமே அடிப்பை மறைத்துவிடும். மூன்றாவது, நம்மவர்களுக்கே உரியது: கமகம். சுரத்தை அசைத்துப் பிடித்துப் பழகிய தொண்டை ஒரு செக்கன்கூட நேராக நிற்க மறுக்கும். நம் சங்கீதம் இரண்டு குரலை வேறு வேறு சுரத்தில் நிறுத்தும் வழிக்கு ஏன் போகவில்லை என்பதற்கு இதுவும் ஒரு விளக்கம் என்பேன். ஓடுகிற சுரத்தோடு இன்னொரு சுரத்தைப் பொருத்த நேரம் கிடைக்காது. மார்கழியில் சங்கும் சேமக்கலமுமாக ஒழுங்கை ஒழுங்கையாகப் போகும் திருவெம்பாவைக் கோஷ்டியில் சின்னப் பிள்ளைகளும் பெரிய ஆண்களும் பாடுவது ஒரே சுரத்தை, மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும். அங்கே உறவு இரண்டுக்கு ஒன்று. சொப்ரானோ, அல்ரோ, ரெனர், பேஸ் என்று குரல்களைப் பிரித்து அடுக்கும் முறை மிஷன் தேவாலயங்களோடு இங்கே வந்தது.

அந்தப் பாடகர் குழாம்களில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றையும் இதே கணக்கு விளக்கிவிடும். அந்தரகாந்தாரம் ஷட்ஜத்தின் ஒன்றேகால் மடங்கு: 200க்கு 250. ஆனால் கீபோர்ட்டில் அந்தக் கட்டையை அழுத்தினால் ஏறத்தாழ 252 வரும், ஏனென்றால் கீபோர்ட் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்துக்கொண்டது. 200இன் ஐந்தாம் மடங்கு 1000. 252இன் நான்காம் மடங்கு 1008. செக்கனுக்கு எட்டு அடிப்பு, காதில் சொரசொரப்பு. அதே கீபோர்ட்டின் பஞ்சமம் மிகக் கிட்ட இருப்பதால் ஒன்றரைச் செக்கனுக்கு ஓர் அடிப்புத்தான். அதனால் முதல் தடவை சுரம் காட்ட மட்டும் கீபோர்ட்டை வாசித்துவிட்டு மூடிவிடுவது நல்லது. காந்தாரம் பாடும் அல்ரோக்காரரை ‘கொஞ்சம் கீழே சாய்ந்து பாடுங்கள்’ என்று சொன்னாலே பல இடங்களில் சரிவந்துவிடும்.

இனிப் பறவைக்கு வருவோம். மனிதரின் குரல்வளை வாதனாளியின், அதாவது மூச்சுக்குழாயின், மேல் முனையில் இருக்கிறது. பறவையின் ஒலியுறுப்பு அடியில், வாதனாளி இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குள் இறங்கும் கவட்டில் இருக்கிறது. அதன் பெயர் சிரிங்ஸ். வேலை செய்யும் விதம் இரண்டிலும் ஒன்றே: வெளியே வரும் காற்று மென்மையான மடிப்புகளை அதிரவைக்கிறது. பறவைகளிலும் அப்படியேதான் என்பதை 2015இல் வெளியான ஆய்வு பல இனங்களில் காட்டியது. வித்தியாசம், பாடும் குருவிகளுக்குக் கவட்டின் இரு பக்கமும் தனித்தனி மடிப்புகள், தனித்தனித் தசைகள். ஒரு பக்கத்தை மூடி மறுபக்கத்தால் பாடலாம், இரண்டாலும் ஒரே நேரத்தில் வேறு வேறு சுரம் பாடலாம். வட அமெரிக்காவின் கார்டினல் குருவி கீழ்ச்சுரங்களை இடப்பக்கத்திலும் மேல்சுரங்களை வலப்பக்கத்திலும் பாடுகிறது. மேலிருந்து கீழே வழுக்கி வரும்போது சுமார் 3500 ஹேர்ட்ஸில் பக்கம் மாறுகிறது. கேட்பவருக்குத் தையல் தெரிவதில்லை. மேல் ஸ்தாயிக்குப் போகையில் குரல் உடைகிற நம் ஆண் பாடகர்கள் பொறாமைப்பட வேண்டிய விஷயம்.

மூச்சிலும் அவை கெட்டி. கனேரிக் குருவி ஒரே சுரத்தை அடுக்கடுக்காக உதிர்க்கும்போது, இரண்டு சுரத்துக்கு நடுவிலேயே துளி மூச்சு இழுத்துக்கொள்கிறது. செக்கனுக்கு முப்பது சுரம்வரை இது நடக்கும். அதற்கு மேல் வேகம் போனால்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடும்.

ஆனால் சுருதிக் கணக்குக்கு முக்கியமானது சிரிங்ஸுக்கு மேலே நடப்பது. நம் கிணற்றடி மதிலில் வாலைத் தூக்கிக்கொண்டு சீட்டியடிக்கும் குண்டுக்கரிச்சான் போன்ற பாடும் குருவிகள், சுரம் ஏற ஏற அலகைத் திறக்கின்றன, இறங்க இறங்கத் தொண்டைக் குழியை விரிக்கின்றன. பாடுகிற சுரத்துக்கே அந்தக் குழியில் பரிவு ஏற்படுகிறது, அதாவது குழியும் சேர்ந்து அதிர்ந்து அந்தச் சுரத்தைப் பலப்படுத்துகிறது, மேற்றொனிகள் அடங்கிப்போகின்றன. அதனால்தான் புல்லாங்குழல் போன்ற தூய ஒலி. 1987இல் குருவிகளை ஹீலியம் கலந்த காற்றில் பாடவைத்துப் பார்த்தார்கள். ஹீலியத்தில் ஒலி வேகமாகப் போவதால் பரிவு இடம் மாறியது. அதுவரை ஒளிந்திருந்த மேற்றொனிகள் வெளியே வந்துவிட்டன.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மனிதக் குரல்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வது மேற்றொனிகள் மோதுவதால். சீட்டிக் குருவி அந்த மேற்றொனிகளையே வடிகட்டிவிடுகிறது. மோதுவதற்கு ஒன்றும் இல்லாதபோது 600க்கு அருகே நின்று சரிபார்க்க அதற்கு வழி ஏது? 2012இல் நைற்றிங்கேல் ரென் என்ற அமெரிக்கக் காட்டுக் குருவியின் பாடல்களை அளந்த ஆய்வு, அதில் நம் சுரவிகிதங்கள் எதுவும் சிறப்பாகத் தென்படவில்லை என்றது. விதிவிலக்கும் உண்டு: வட அமெரிக்காவின் ஹேர்மிற் த்ரஷ் தன் சுரங்களை ஓர் அடிச்சுரத்தின் முழு மடங்குகளாகவே தேர்ந்தெடுக்கிறது என்று 2014இல் காட்டினார்கள். ஒரு குருவிக்கு அது வாய்த்திருக்கிறது; அதை வைத்து எல்லாக் குருவியையும் சங்கீத வித்துவானாக்க முடியாது.

கேட்பதிலும் வேறுபாடு. ஒரு கட்டையில் கேட்ட பாட்டை இரண்டரைக் கட்டையில் பாடினாலும் நமக்கு அதே பாட்டுத்தான். மைனாவின் உறவான ஐரோப்பிய ஸ்ரார்லிங் குருவிகளுக்கு அப்படியில்லை. 2016இல் வெளியான சோதனையில், பழக்கிய மெட்டைச் சுருதி மாற்றிப் போட்டதும் அவற்றுக்கு அடையாளம் தெரியவில்லை. சுருதியையே அழித்து, ஒலியின் சாயலை மட்டும் விட்டபோது தெரிந்துகொண்டன. அவற்றின் காதில் முன்னுக்கு நிற்பது சுரமல்ல, குரலின் நிறம்.

அப்படியென்றால் சேர்ந்து பாடுவதில் இருவருக்கும் பொதுவானது எது? காலம்.

செண்பகப் பறவையைக் கவனியுங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கத்துப் பனங்கூடலில் ஒன்று. ‘ஊப் ஊப் ஊப்’ என்று ஒன்று தொடங்க மற்றது உள்ளே நுழைகிறது. பெரிய உடம்புக்காரி பெட்டை. அவளுடைய குரல் சற்றுக் கட்டை. சோடிக் கவுதாரிகளும் இப்படித்தான் மாறி மாறிக் கத்தும். இந்த வகையில் உச்சம் தொட்டது எக்குவடோர் மலைகளில் உள்ள ரென் குருவி ஒன்று. ஆணும் பெண்ணும் அசை அசையாகப் பங்கிட்டு, ஒரே குருவி பாடுவதாக ஏமாறும் அளவுக்கு நெருக்கமாகப் பாடுகின்றன. 2011இல் அவற்றின் மூளையில் பாட்டுக்குரிய பகுதியில் அளந்தபோது, அங்குள்ள நரம்புக் கலங்கள் தன் பங்கைவிட இருவரும் சேர்ந்த முழுப் பாட்டுக்கே பலமாகப் பதிலளித்தன. தன் பங்கை மட்டும் பாடுகிற தலைக்குள் முழுப் பாட்டும் இருக்கிறது. மற்றக் குரல்களின் வரியையும் முணுமுணுக்கத் தெரிந்த பேஸ்காரர் ஏன் சரியான இடத்தில் நுழைகிறார் என்பது பாடகர் குழாம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

மனிதருக்குக் காலத்தில் ஒரு சிக்கல் உண்டு. நம் வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகும். பத்து மீற்றர் தள்ளி நிற்பவரின் குரல் 29 மில்லிசெக்கன் பிந்தி வரும். ஓர்கன் 25 மீற்றர் பின்னால் என்றால் 71 மில்லிசெக்கன். முன்வரிசை ஓர்கனைக் கேட்டுப் பாட, ஓர்கன்காரர் முன்வரிசையைக் கேட்டு வாசிக்க, பாட்டு இழுபட்டுக்கொண்டே போகும். மருந்து: தாளத்துக்குக் கண், சுருதிக்குக் காது. நடத்துனரின் கையைப் பார்த்துத் தொடங்கிவிட்டு, பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுச் சுரம் பிடிக்க வேண்டும்.

சந்தோஷம் என்ற சொல்லைக் குருவிக்குச் சொல்லலாமா? ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஸ்ரார்லிங்குகள் பாடி முடித்த கையோடு அவற்றை ஒரு குறிப்பிட்ட கூட்டறையில் விட்டார்கள். பிறகு விருப்பம்போல் போகவிட்டபோது, கூட்டத்தோடு சும்மா பாடும் காலத்துக் குருவிகள் அந்த அறையையே நாடின. அதிகம் பாடியவை அதிகம் நாடின. சோடி தேடிப் பாடிய ஆண்களிடம் அந்த நாட்டம் தென்படவில்லை. உடம்பே சுரக்கும் அபின் போன்ற வேதிப்பொருள்கள் கூட்டப் பாட்டோடு தொடர்புபட்டவை. கேட்பவருக்கும் எப்போதும் இன்பமல்ல. 2012இல் வெள்ளைத் தொண்டைச் சிட்டுகளில் பார்த்தபோது, ஆணின் பாட்டுக்கு இனப்பெருக்க நிலையிலுள்ள பெண்ணின் மூளையில் இன்பத்துக்குரிய பாதை விழித்தது; இன்னோர் ஆணிடம் அந்தப் பாதை முழுதாக விழிக்கவில்லை, வெறுப்பான இசைக்கு மனிதரிடம் எழும் பகுதியே எழுந்தது. குண்டுக்கரிச்சானின் அதிகாலைக் கச்சேரி பக்கத்து வளவுக் குண்டுக்கரிச்சானுக்கு வெறும் காணித் தகராறு.

சேர்ந்து பாடும் மனிதரை ஒன்றாக்கும் வழிகளில் ஒன்று மூச்சு. மூச்சை இழுக்க இதயம் சற்று வேகமாகும், விட மெதுவாகும். பத்துச் செக்கன் நீளமுள்ள அடியை எல்லாரும் ஒன்றாகப் பாடினால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு, எல்லாருக்கும் ஒரே இடத்தில். சுவீடனில் 2013இல் வெளியான ஆய்வில் சேர்ந்து பாடிய பாடகர்களின் இதயத்துடிப்பு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது.

செண்பகச் சோடியின் இடைவெளியை அளக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டும் 60 மீற்றர் தள்ளி இருந்து, நீங்கள் ஒன்றின் மரத்தடியிலேயே நின்றால், மற்றதன் குரல் உங்களிடம் 170 மில்லிசெக்கன் பிந்தி வரும்; உண்மையில் சேர்ந்து பாடியவை மாறி மாறிப் பாடியதாகத் தெரியும். இரண்டுக்கும் சம தூரத்தில், நடுவில் நில்லுங்கள். போனில் இரைச்சல் குறைக்கும் வசதியை நிறுத்திவிட்டு, சுருக்காத கோப்பாகப் பதியுங்கள். வட்ஸ்அப் குரல் பதிவு மேல் மீடிறன்களைத் தின்றுவிடும். கோவில் திருவிழாக் காலம் என்றால் ஒலிபெருக்கி தொடங்குமுன் முடித்துவிட வேண்டும்.