சர்ப்ளஸ் என்று எழுதுவதற்கு முன்னால்

காரைக்குடியில் ஆங்கிலக் கடிதங்களையும் விளம்பரத் தாள்களையும் திருத்திக் கொடுப்பது என் தொழில். ஆத்தங்குடித் தரைக்கல் (டைல்ஸ்) செய்கிறவர்கள், முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர்கள், பெரிய வீட்டை விடுதியாக்கியவர்கள் என்று பலரும் வருவார்கள். இலக்கணப் பிழையைவிட எனக்குக் கவலை தருவது 'நிறைய' என்று சொல்ல அவர்கள் எடுக்கிற ஆங்கிலச் சொல்தான். இலக்கணம் தப்பினால் படிப்பவர் எப்படியோ புரிந்துகொண்டு போய்விடுவார், இந்தச் சொல் தப்பினால் வேறொன்றைப் புரிந்துகொள்வார்.

ஒரு பட்டறைக்காரர் வெளியூர் வாடிக்கையாளருக்கு எழுதிய மின்னஞ்சலில் 'வி ஹேவ் சர்ப்ளஸ் டைல்ஸ்' என்று இருந்தது. கேட்ட அளவு கொடுக்கக் கைவசம் சரக்கு இருக்கிறது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. வாங்குகிறவருக்கோ விற்காமல் தேங்கிய சரக்கு, விலையைக் குறைத்துக் கேட்கலாம் என்றுதான் படும். கண்ணாடி மேல் சாயக் கலவையை ஊற்றி, ஒவ்வொன்றாகக் கையாலேயே செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல்லுக்கு இது தேவையா? 'ஆம்பிள் ஸ்டாக்' என்று மாற்றினேன். ஆம்பிள் என்றால் தாராளமாக இருக்கிறது, சர்ப்ளஸ் என்றால் தேவை போக மிஞ்சியது. பட்ஜெட்டிலும் வரவு செலவுக் கணக்கிலும் சர்ப்ளஸ் நல்ல சொல்தான், சரக்குக் கடிதத்தில் வேண்டாம்.

தேவை என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எனஃப், சஃபிஷியண்ட் இரண்டும் அந்தக் கோட்டைத் தொட்டு நிற்கும். பிளென்டி, ஆம்பிள் அதைத் தாண்டும், அபண்டன்ட் இன்னும் பெருகி வழியும். லத்தீனில் அலையைக் குறிக்கிற 'உண்டா' அதற்குள் இருக்கிறது, வேண்டாததைக் குறிக்கும் ரிடண்டன்ட் என்ற சொல்லுக்குள்ளும் அதே அலைதான். எக்ஸஸ் வந்துவிட்டால் தொல்லை என்று அர்த்தம். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் திருச்சியில் விமானம் ஏறுகிற நம் ஊர்க்காரர்களுக்கு எக்ஸஸ் பேகேஜ் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் விடுதி விளம்பரத்தில் 'எக்ஸஸ் ஸ்பேஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். பிளெத்தோரா பழைய மருத்துவத்தில் உடம்பில் ரத்தம் மிகுந்துபோன நிலைக்குப் பெயர். இன்று ஏராளம் என்ற பொருளில் பலர் எழுதினாலும், பலகாரப் பட்டியலில் அதை நான் விடுவதில்லை.

விளம்பரம் தப்பினால் காசோடு போகும். பட்டறைச் சுவரில் ஒட்டுகிற எச்சரிக்கைத் தாள் அப்படியில்லை. ஈரச் சிமென்டில் காரம் அதிகம், கண்ணில் பட்டால் அரித்துவிடும். இப்படிப்பட்ட தாள்களில் ஆங்கிலத்தில் 'கோப்பியஸ் அமவுண்ட்ஸ் ஆஃப் வாட்டர்' என்று வரும். அதை ஒருவர் 'போதுமான நீரால் கழுவவும்' என்று தமிழாக்கிக் கொண்டுவந்தார். போதுமானது எவ்வளவு என்று கண் எரிகிறவர் எப்படி முடிவு செய்வார்? இரண்டு கை அள்ளி அடிப்பார், எரிச்சல் சற்றுத் தணிந்ததும் வேலைக்குத் திரும்பிவிடுவார். கோப்பியஸ் என்றால் கொட்டக் கொட்ட, நிறுத்தாமல். 'இமையைத் திறந்து பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே டாக்டரிடம் போகவும்' என்று எழுத வைத்தேன்.

அப்புறம் இந்த 'டூ'. 'அவர் ஹவுஸ் இஸ் டூ பிக்' என்று பெருமையாக எழுதுகிறார்கள். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டும் இருக்கிற வீடு பெரிதுதான், ஆனால் டூ போட்டதும் அது தாங்க முடியாத அளவுக்குப் பெரிது என்று ஆகிவிடும். வெரி போதும். 'டூ ஸ்பைசி' என்று சாப்பாட்டைப் புகழ்ந்தால் வெளிநாட்டு விருந்தாளி தயிர்சாதம் கேட்பார்.

கடைசியாக, சிபாரிசுக் கடிதம் எழுதுகிற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 'ஹேஸ் அடிக்வேட் நாலெட்ஜ்' என்று நல்ல மனதோடுதான் எழுதுகிறீர்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் அதைப் படிப்பவருக்கு, ஒப்பேற்றிவிடுவான், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்று கேட்கும். பிள்ளைக்குப் பாடம் நன்றாகத் தெரியுமென்றால் ஆழமான, முழுமையான அறிவைச் சொல்லும் 'தரோ' (thorough) என்று எழுதுங்கள், கூடவே அந்தப் பிள்ளை செய்த ஒரு வேலையைப் பெயரோடு குறிப்பிடுங்கள்.